ஓடக்காரன் கொடுத்த விலை

என் கணவரை அந்தக் கடைக்குப் போகவிடாமல் தடுக்க என்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தேன். தலைவலி என்றேன். மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினார். ஸ்கூட்டரில் காற்று இல்லை என்றேன். கீழே இறங்கிப் போய் இரண்டு சக்கரத்தையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தைச் சுற்றி நீலத் துணி, விரலில் கல்யாண மோதிரம். இந்த மனிதரை வீட்டைவிட்டு வெளியே கிளப்ப இத்தனை மாதமாகக் கெஞ்சியவள் நான். இன்றைக்கு அவரே கிளம்பி நிற்கிறார், நான் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறேன்.

அவர் டப்பிங் கலைஞர். அதாவது, கலைஞராக இருந்தவர். விளம்பரத்தில் பெயின்ட் விற்றார், இருமல் மருந்து விற்றார், சினிமாவில் வில்லனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கெல்லாம் பேசினார். ஒரு ஈ காக்கைக்கும் அவரைத் தெரியாது. அவரைப் பிரபலமாக்கியது ஒரு சீட்டு விளையாட்டு. 'ஏழு கரை' என்று பெயர், போனில் ஆடுவது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு ஆள், ராணி, சூனியக்காரி, பூதம், காவல்காரன் என்று. சீட்டை இறக்கினால் அந்த ஆள் ஒரு வசனம் பேசுவார். அதில் ஓடக்காரனுக்குக் குரல் இவர். முதலில் துடுப்பால் படகைத் தட்டுகிற சத்தம், டொக், டொக், டொக். அது துடுப்பே இல்லை, ஸ்டுடியோ நாற்காலியில் மோதிரத்தால் இவர் தட்டியது. அப்புறம் அந்த வசனம்: "ஏறு. பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. கரை வந்ததும் நான் சொல்றேன்."

அவ்வளவுதான். இதற்குப் போய் அப்படி ஒரு பைத்தியம். ரசிகர்கள் கூடி ஆடுகிற கம்ப்யூட்டர் கடையில் யாராவது ஓடக்காரனை இறக்கினால், பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் தங்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த வசனத்தைச் சேர்ந்து சொல்வார்களாம். சொல்லாதவர் அந்த ஆட்டத்தில் தோற்பார் என்று ஒரு நம்பிக்கை. இதை என்னிடம் சொல்லிவிட்டு இவர் சிரித்துச் சிரித்து இருமினார். அந்த இருமல் நிற்கவே இல்லை. கடைசியில் டாக்டர், உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்காகத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோனபோது நான் அழுதுகொண்டே கூட ஓடினேன். கதவுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, அந்த ஓடக்காரக் குரலிலேயே, "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ. கரை வந்ததும் நான் சொல்றேன்" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான். இனி எதையும் சொல்ல முடியாது என்று தெரிந்தே அதைச் சொல்லிவிட்டுப் போன மனிதரை என்ன செய்வது? அன்றிலிருந்து அந்த வசனம் என் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. தொண்டையில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை அதை வைத்து என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டது போல இருந்தது. அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். என்னைக் கூப்பிட வேண்டுமானால் மோதிரத்தால் எதையாவது தட்டுவார். தட்டு, ஜன்னல் கம்பி, முக்கியமாக அடுப்படியில் அவர் உட்காருகிற மர ஸ்டூல். நான் என்ன கதவா, தட்டித் தட்டித் திறக்க என்று கத்துவேன். தோள் குலுங்கச் சிரிப்பார், சத்தம் வராது. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். வாயைத் திறக்க முடியாதவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அதே பிழைப்பு.

அவரைக் காலையில் எழுப்பியது அந்த ரசிகர்களின் அரட்டைக் குழுதான். மாத்திரையும் இல்லை, நானும் இல்லை. ஓடக்காரனுக்குக் குரல் கொடுத்தவர் தங்கள் குழுவில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபரேஷன் விஷயத்தை இவர் சொல்லவில்லை. குழுவில் எல்லோருமே எழுதித்தான் பேசுகிறார்கள், அங்கே இவருக்கு எந்தக் குறையும் கிடையாது. நான் ஏன் கெடுக்க வேண்டும்?

புதிய எக்ஸ்பான்ஷன், அதாவது கதையின் அடுத்த பாகமும் புதுச் சீட்டுகளும், வரப்போகிறது என்று அறிவித்ததிலிருந்து குழுவில் ஒரே ஒரு கேள்விதான். போன கதையின் முடிவில் ஊர் வெள்ளத்தில் மூழ்குகிறது. குழந்தைகளையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு ஓடக்காரன் கிளம்புகிறான். நடுவில் ஆறு வழிமறித்து, அக்கரை போக ஒரு விலை கேட்கிறது. அவன் குனிந்து தண்ணீரிடம் ஏதோ சொல்கிறான். குழந்தைகள் கரையேறிவிடுகிறார்கள், படகு காலியாகத் திரும்புகிறது. அவன் கொடுத்த விலை என்ன? கண் என்றார்கள், உயிர் என்றார்கள். ஓடக்காரனின் பாட்டன் பூட்டன் வரைக்கும் ஒப்பிக்கிற ஒரு பெண் இருந்தாள், அவளை எல்லோரும் 'புராணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஞாபகத்தைக் கொடுத்திருப்பான், யாரையும் தெரியாதவனாக வருவான் என்பது அவள் கட்சி. இன்னொருவன் எதைச் சொன்னாலும் "எழுதி வச்சுக்கோங்க" என்று முடிப்பான், அதனால் அதுவே அவன் பெயர். துடுப்பைத்தான் கொடுத்தான், எழுதி வச்சுக்கோங்க என்றான் அவன். அவன் சொன்னது இதுவரை ஒன்றுகூடப் பலித்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. ஓடக்காரன் திரும்ப வருவான், வரும்போது அந்தக் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். இதைப் படித்துவிட்டு இவர் என்னிடம் போனை நீட்டுவார். நான் படித்துவிட்டுச் சிரிப்பேன். சிரித்தபடியே அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏனென்றால் அதற்குள் ஸ்டுடியோ மேனேஜர் எனக்குப் போன் செய்திருந்தார். இவருடைய நம்பருக்கு வருகிற அழைப்பெல்லாம் என் போனுக்குத்தான் வரும். அன்று ஞாயிறு மதியம், இவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஓடக்காரன் திரும்ப வருகிறான், சார் வந்து நாலு வரி பேசிவிட்டுப் போனால் போதும், ஆனால் ரகசியம், வெளியே மூச்சு விடக் கூடாது என்று மேனேஜர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"அவருக்குக் குரல் இல்லைங்க. எடுத்துட்டாங்க. இனிமே வரவே வராது."

அதுவரை யாரிடமும் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேனேஜர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்படியானால் வேறு குரல்தான் பார்க்க வேண்டும் என்றார். வேறு யாரையும் அந்த வசனத்தைப் பேச வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அது தன் கையில் இல்லை என்றார்.

இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், காலையில் எழுந்திருக்க இருந்த ஒரே காரணமும் போய்விடும். சொல்லாவிட்டால், ஒருநாள் தன் வசனத்தை எவனோ பேசுவதைத் தானே கேட்கப் போகிறார். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று மென்று முழுங்கினேன். நாக்கு நுனி வரை வரும், திரும்பப் போய்விடும். சோற்றில் உப்புப் போட்டோமா என்றே மறந்துவிடும், மறுபடி போடுவேன். அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

அந்த நேரத்தில் ஸ்டூல் வேறு. அதன் ஒரு கால் ஆட்டம் கண்டு ரொம்ப நாளாகிறது, உட்கார்ந்தாலும் தட்டினாலும் கிறீச் என்று கத்தும். ஒரு சனிக்கிழமை அதை ஸ்கூட்டரின் பின்னால் கட்டி, சுத்தியல் அடிப்பது போல் ஜாடை காட்டிவிட்டுப் போனார். சரி, இப்போதாவது விடிவு வந்ததே என்று இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து இறக்கிவைத்தார். உட்கார்ந்தேன். கிறீச். எந்தத் தச்சன், முகவரி சொல்லுங்கள், நான் போய்க் கேட்கிறேன் என்று குதித்தேன். கடை பூட்டியிருந்தது என்று போனில் எழுதிக் காட்டினார். பூட்டியிருந்தால் ஒரு முழுநாள் ஸ்டூலைச் சுமந்துகொண்டு எங்கே சுற்றினீர்கள் என்றேன். சும்மா சிரித்தார். மனசு சரியில்லாமல் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்குமேல் கேட்கவில்லை.

அப்புறம்தான் புராணத்தின் அழைப்பு வந்தது. புதுச் சீட்டுகளை நேரலையில் காட்டும் அன்று எல்லோரும் கடை மாடியில் கூடிப் பார்க்கப் போகிறோம், நீங்கள் வந்தே ஆக வேண்டும் என்று. இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வருகிறேன் என்று எழுதிவிட்டார்.

வழியிலாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். சிக்னலில் நின்றபோது அவர் தோளைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். "பச்சை விழுந்திடுச்சு" என்று மட்டும் சொன்னேன்.

கடை கீழே கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுகிற இடம், மேலே நீளமான ஹால். சுவரில் வெள்ளைத் துணி, எதிரே புரொஜெக்டர், தரையெல்லாம் சார்ஜர் ஒயர். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் தரையில் இருந்தார்கள். இவரைப் பார்த்ததும் கைதட்டல் எழுந்தது. கடைக்காரர் ஓடி வந்து, முன்வரிசையில் கை வைத்த நாற்காலியைத் துடைத்துப் போட்டார். புராணத்தை அப்போதுதான் நேரில் பார்த்தேன். குழுவில் எழுதுகிற எழுத்தை வைத்துப் பெரிய ஆளாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண், நேராக இவரிடம் வந்து நின்றாள்.

"சார், ஒரே ஒரு தடவை. அந்த வசனம். உங்க வாயால."

பின்னால் இருந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள், பதிவு செய்ய. இவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா," என்றேன். "பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

ஐயோ என்றாள் அந்தப் பெண். சூடாக ஏதாவது கொண்டுவரட்டுமா, தேன் வேண்டுமா என்று அவளும் கடைக்காரரும் பரபரத்தார்கள். பரவாயில்லை சார், இன்னைக்கு எப்படியும் திரையில கேக்கத்தானே போறோம், எழுதி வச்சுக்கோங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். எனக்கு அந்த எழுதிவச்சுக்கோவை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது.

விளக்கை அணைத்தார்கள். ஒவ்வொரு சீட்டாக வர ஆரம்பித்தது. முதலில் ஒரு பாம்பு ராணி, அப்புறம் ஏதோ இரட்டைப் பூதங்கள், ஒவ்வொன்றுக்கும் கூச்சல். அடுத்து மதில் காவல்காரன் வந்தான். பழைய பாத்திரம்தானாம், புது உடையில் இருந்தான். அவன் வாயைத் திறந்ததும் ஹாலில் ஒரு முனகல்.

"ஆளை மாத்திட்டாங்க," என்று யாரோ சொன்னார்கள். "இது அவர் குரல் இல்ல. கேவலமா இருக்கு."

காவல்காரனை மாற்றியவர்கள் ஓடக்காரனை மட்டும் விட்டுவைப்பார்களா? இவர் காதருகே குனிந்தேன். போதும், எழுந்திருங்கள், வீட்டுக்குப் போகலாம், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். என் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

திரை இருண்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ "வந்துட்டான்" என்றார்கள். சொல்லியிருக்க வேண்டும், அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேருக்கு நடுவே அவரைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டேனே. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

டொக்.

கிறீச்.

டொக். டொக். மறுபடி, மெதுவாக, கிறீச்.

அடுத்து எவனோ ஒருத்தன் குரல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன்.

திரையில் ஓடக்காரன் படகில் நின்றுகொண்டிருந்தான். நரைத்திருந்தான். கழுத்தைச் சுற்றி நீலத் துணி கட்டியிருந்தான். வாய் மூடியிருந்தது, கண் நேராக எங்களைப் பார்த்தது. சீட்டின் அடியில் இரண்டே வரி. 'ஆறு கேட்ட விலை, அவன் குரல். கேட்டதும் கொடுத்தான்.'

முன்வரிசையில் புராணம் தலையைத் திருப்பினாள். இவர் முகத்தைப் பார்த்தாள், கழுத்தில் இருந்த நீலத் துணியைப் பார்த்தாள். நான் சொன்ன தொண்டைக்கட்டுப் பொய் அந்த இடத்திலேயே செத்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "ஏறு" என்றாள்.

பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். அப்புறம் தரையில் இருந்தவர்கள், அப்புறம் பின்வரிசை. "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ." கடைக்காரர் புரொஜெக்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "கரை வந்ததும் நான் சொல்றேன்." ஓடக்காரன் அது முடிகிற வரை காத்திருந்துவிட்டு, தலையை ஒரு முறை அசைத்துத் துடுப்பைப் போட்டான். ரசிகர்கள் சொல்வதற்கென்றே விளையாட்டைச் செய்தவர்கள் அந்த இடத்தை விட்டுவைத்திருந்தார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் உதடும் கூடவே அசைந்து நின்றது.

கடைக்காரர் அதையே மறுபடி ஓட்டினார். டொக், கிறீச். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தினமும் அதன் மேல் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன், அந்தக் கிறீச்சை எனக்குத் தெரியாதா?

"அது எங்க வீட்டு ஸ்டூல்!" என்றேன்.

கத்தியேவிட்டேன் போலிருக்கிறது. ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. அந்த எழுதிவச்சுக்கோ ஆசாமி, என்னது ஸ்டூலா என்று எழுந்து நின்றான். நான் அவனைக் கவனிக்கவில்லை, இவர் பக்கம் திரும்பினேன். கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அந்தச் சனிக்கிழமை எங்கே போனீர்கள் என்றேன். ஸ்டுடியோ இருக்கும் திசையில் கையைக் காட்டினார். பிறகு போனை எடுத்து எழுதினார்.

'நீ மேனேஜர்கிட்ட பேசினப்போ நான் தூங்கல. போனது குரல்தான், காது இல்ல. மறுநாளே கதை எழுதறவங்களுக்கு எழுதிட்டேன், அவன் என்ன விலை கொடுத்தான்னு எனக்குத் தெரியும்னு.'

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

'நீ எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு கஷ்டப்பட்டே. சோத்துல உப்பை ரெண்டு தடவை போட்டே. எப்படிச் சொல்றது?'

அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்கிற வெட்கம்கூட இல்லாமல் அழுதேன். நான் இங்கே தினம் தினம் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் கூடவே உட்கார்ந்து உப்புக் கரிக்கிற சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

புராணம் எழுந்து வந்தாள். வசனம் பேசச் சொல்லிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் இவர் நாற்காலியின் கையில் மோதிரத்தால் தட்டினார். டொக், டொக், டொக். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். பின்னால் இருந்த எல்லோரும் வசனத்தை ஆரம்பித்துவிட்டார்கள், இந்த முறை கூரையே பிய்த்துக்கொள்ளும் போல இருந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் போனில் இன்னொன்று எழுதி என் பக்கம் நீட்டினார். கண்ணெல்லாம் தண்ணீர், எனக்கு எழுத்தே தெரியவில்லை. துடைத்துக்கொண்டு படித்தேன்.

'கரை வந்துடுச்சு. வந்ததும் சொல்றேன்னு சொன்னேன்ல?'